அவசரனும் வெந்தயச் செடியும்

ஒரு காட்டில் சிங்கம் இருந்தது, நரி இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும், பிள்ளைகளே! அவற்றின் கதையைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. அவை நடந்துபோன மண்ணுக்குள், கண்ணுக்கே தெரியாத இரண்டு பாக்டீரியாக்கள் இருந்தன. ஒருவன் அவசரன். இன்னொருவன் நிதானன்.

இவர்கள் உடம்புக்குள் மரபிழையால் ஆன ஒரு பெரிய நூலும் இரண்டு சிறிய நூல்களும் உண்டு. எப்படிப் பிழைப்பது, என்ன வேலை செய்வது என்பதெல்லாம் அந்த மூன்று நூல்களில்தான் இருக்கிறது. மூன்றையும் அச்சு அசலாக இன்னொரு முறை நூற்றுக்கொண்டு, ஒருவன் இரண்டு பேராகப் பிரிந்துவிடுவான். இவன் மூத்தவன், அவன் இளையவன் என்று பேச்சே இல்லை. அவசரனுக்கு இப்படிப் பிரிவதைத் தவிர வேறு வேலையே கிடையாது.

அதே மண்ணில் ஒரு வெந்தயச் செடி நின்றது. தழைச்சத்து இல்லாமல் இலையெல்லாம் மஞ்சளாகிக் கிடந்தது. மண்ணின் ஈரம் காய்வதற்குள் பூத்துக் காய்க்காவிட்டால் அதன் வம்சமே அற்றுப்போகும். அது இருவரையும் கூப்பிட்டது.

"தம்பிகளா, என் வேரில் ஆளுக்கொரு முடிச்சு கட்டித் தருகிறேன். வயிறாரச் சர்க்கரையும் தருகிறேன். நீங்கள் காற்றிலிருந்து எனக்குத் தழைச்சத்து செய்து தர வேண்டும். ஆனால் ஒன்று. உள்ளே வந்தபின் பிரியக் கூடாது. நூல்களை எத்தனை முறை வேண்டுமானாலும் நூற்று உள்ளேயே வைத்துக்கொண்டு பெருத்துவிடுங்கள். பெருத்தவனால்தான் இந்த வேலை ஆகும்."

"சரி அக்கா" என்றான் நிதானன்.

"அக்கா சொல்லி நான் மறுப்பேனா? சத்தியமாகப் பிரிய மாட்டேன்!" என்றான் அவசரன். பக்கத்தில் நெளிந்துகொண்டிருந்த மண்புழுதான் இதற்குச் சாட்சி.

நிதானன் தன் முடிச்சுக்குள் போய் நூற்றான், பெருத்தான், வேலையைத் தொடங்கினான். அவசரனும் தன் முடிச்சுக்குள் போய்ச் சர்க்கரையைத் தின்றான். தின்றதும் உடம்பு குறுகுறுத்தது. படக்கென்று பிரிந்தான்.

மறுநாள் செடி கேட்டது. "தம்பி, தழைச்சத்து எங்கே?"

"எந்தத் தழைச்சத்து?" என்றன இரண்டு குரல்கள்.

"பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்தாயே!"

"நாங்களா? நாங்கள் இப்போதுதானே அக்கா பிறந்தோம்!"

"அடப்பாவிகளா! நான் என் காதால் கேட்டேனே!" என்று துள்ளியது மண்புழு. மண்புழுவுக்குக் காது ஏது என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். அதற்கு அவ்வளவு கோபம்.

செடி மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னது. இரண்டும் பயபக்தியோடு சத்தியம் செய்தன. செய்த கையோடு பிரிந்தன. அடுத்த நாள் கேட்டால், "எந்தச் சத்தியம்? யார் செய்தது?" இப்படியே போனால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? முடிச்சு முழுக்கக் குட்டி அவசரன்கள். தின்ன அத்தனைக்கும் வாய் இருந்தது. வேலை செய்யும் அளவுக்கு ஒன்றுகூடப் பெருத்திருக்கவில்லை.

"ஐயோ, உங்களோடு என்னால் மாரடிக்க முடியவில்லை!" என்று கத்தியது செடி. "கத்திக் கத்தித் தொண்டைத் தண்ணீரே வற்றிவிட்டது. என் அடி இலையெல்லாம் கொட்டிவிட்டது, பாருங்கள்!"

"பாவம் அக்கா நீங்கள். யார் உங்களை இப்படி ஏமாற்றியது?" என்று அவை உச்சுக்கொட்டின.

அதன்பிறகு செடி அந்த முடிச்சுக்குப் போகிற சர்க்கரையை நிறுத்திவிட்டது.

கொஞ்ச நேரத்தில் ஒரே கூச்சல். "அக்கா! சர்க்கரை எங்கே?"

"யாருக்கு?"

"எங்களுக்குத்தான்! வயிறாரத் தருகிறேன் என்று சொன்னீர்களே!"

"அவசரன் என்று ஒரு தம்பியிடம் சொன்னேன். அவன் வந்தால் தருகிறேன். நீங்கள் இப்போதுதானே பிறந்தீர்கள்?"

பசி பொறுக்காமல் அவசரன்களில் ஒன்று முண்டியடித்து முன்னால் வந்தது. "நான்தான் அக்கா அவசரன்! வேண்டுமானால் என் நூல்களைப் பாருங்கள். பெரியதும் அதேதான், சிறியவை இரண்டும் அதேதான். ஓர் இழைகூட மாறவில்லை!"

"நானும் அவன்தான்! நானும்! நானும்!" என்று முடிச்சே அதிர்ந்தது.

"அப்படியானால் சத்தியம் செய்ததும் நீங்கள்தான்" என்றது செடி. "என் தழைச்சத்து எங்கே?"

அவசரன்கள் அவசர அவசரமாகப் பெருத்துக்காட்டப் பார்த்தன. சர்க்கரை இல்லாமல் எதை வைத்துப் பெருப்பது? முடிச்சு சுருங்கிச் சருகாகிவிட்டது.

நிதானன் செய்து கொடுத்த தழைச்சத்தால் செடி எப்படியோ பூத்துவிட்டது. ஆனால் ஒரே ஒரு காய்தான் காய்த்தது.

நீதி: சொன்ன சொல்லுக்கு "நான் இல்லை" என்பவன், அந்தச் சொல்லால் கிடைக்க வேண்டியதற்கு மட்டும் "நான்தான்" என்று வந்து நிற்க முடியாது.