ஓலைப்பாக்கம் ஏரியின் படம்

குருவுக்குத் தாடி இருக்க வேண்டும் என்று சட்டமொன்றும் இல்லை. இந்தக் கதையின் குரு திலகவதி, சீடரைவிடப் பாதி வயதுக்காரி. சீடர் தணிகாசலம், ஊருக்கெல்லாம் பல் பிடுங்கி ஓய்ந்த டாக்டர். திண்டிவனத்தில் ஒரு படிப்பகத்தின் மாடியில் ஞாயிறுதோறும் கூடி, சுற்றுவட்டார ஏரிகளுக்கென்று இணையத்தில் ஒரு விக்கி நடத்துகிற கூட்டம் அவர்களுடையது. யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம், படம் போடலாம்.

அங்கே எல்லோர் கண்ணும் ஒரு கருவியின் மேல்தான். அதற்குப் புதுப்பான் என்று பெயர். விக்கியில் ஏற்கெனவே இருக்கும் படத்தைத் தேர்ந்தெடுத்து, புதிய படத்தைக் கொடுத்து, ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். பெயர் அப்படியே இருக்கும், படம் மாறிவிடும். அது எந்தெந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அங்கெல்லாம் சேர்ந்தே மாறும்.

திலகவதி அதை எல்லோருக்கும் கொடுப்பதில்லை. டாக்டர் நச்சரித்து நச்சரித்து வாங்கிவிட்டார். வாங்கிய நாளிலிருந்து கை ஓயவில்லை. மகள் வாங்கித் தந்த கேமராவும் சேர்ந்துகொண்டதா, மங்கலாக எது கண்ணில் பட்டாலும் அதன்மேல் தன் படத்தை வைத்தார். மனிதருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அன்று டீ வந்த நேரத்தில் திலகவதியின் போன் அடித்தது. ஓலைப்பாக்கம் ஏரிச் சங்கத்து அஞ்சலாட்சி. திலகவதி ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏம்மா, எங்க ஏரி படத்த யாரு மாத்துனது?”

“என்னக்கா ஆச்சு?”

“தூர்வாரச் சொல்லி மனு குடுத்துருக்கோம்ல, அதுல உங்க விக்கியத்தான் காட்டிருக்கோம். நாளைக்கு இன்ஜினியர் வராரு. தொறந்து பாத்தா, மாசி மாசத்துல காஞ்சு கெடக்குற ஏரின்னு கீழ எழுதிருக்கு, மேல தண்ணி தளும்புது. அவரு சிரிச்சுட்டுப் போயிடுவாரு. இந்த வருசமும் தூர்வாரலன்னா எங்க நெலம் என்னாவறதும்மா?”

“பாத்துட்டுக் கூப்புடறேன்க்கா.”

டாக்டர் டீயைக் கீழே வைத்தார்.

“நான்தான் மாத்தினேன்,” என்றார். “அந்தப் படம் ஒரே மங்கல்மா. யாரோ பழைய போன்ல எடுத்தது. இது நானே கார்த்திகையில நேர்ல போய், ஏரிக்கரையில வழுக்கி விழுந்து எடுத்தது. அதே ஏரிதானே? தெளிவா ஒண்ணு வந்தப்புறம் மங்கல் எதுக்கு?”

திலகவதி கணினியில் டாக்டரின் பயனர் பக்கத்தைத் திறந்தாள். அங்கே அவர் வழுக்கைத் தலையும் கோணல் கண்ணாடியுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் புதுப்பானை எடுத்து ஏதோ செய்தாள். மறுநொடி அங்கே மாலையும் கழுத்துமாக, சுருட்டை முடியோடு ஓர் இளைஞன் நின்றான்.

“இது என் கல்யாணப் படமாச்சே. உங்களுக்கு எப்படி?”

“போன மாசம் கல்யாண நாளுன்னு எங்க எல்லாருக்கும் அனுப்பினீங்களே. எவ்வளவு தெளிவா இருக்கு. அதே ஆள்தானே டாக்டர்?”

டாக்டர் சிரிக்கப் போனார். அதற்குள் படத்துக்குக் கீழே மாறாமல் இருந்த வரி கண்ணில் பட்டது: ஓய்வுபெற்ற பல் மருத்துவர். சிரிப்பு பாதியில் நின்றது.

“அந்தக் காஞ்ச ஏரிய அழிச்சுட்டேனேம்மா,” என்றார். “திரும்ப எங்க போய்த் தேடறது?”

“யாரு அழிச்சா?”

ஏரிப் படத்தின் பழைய பதிப்புகளெல்லாம் இருக்கும் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, திலகவதி நாற்காலியை அவருக்கு விட்டு எழுந்தாள். டாக்டர் உட்கார்ந்து பார்த்தார். அவருடைய தளும்பும் ஏரிக்கு அடியில், அதே பெயரில், வெடித்த மண் பத்திரமாகக் கிடந்தது. நடுவில் வெறும் குடத்தோடு ஒரு பெண் நின்றிருந்தாள். மங்கல்தான். ஆனாலும் அவள் நிற்கிற விதம் தெரிந்தது. போன தடவை அதை இவ்வளவு நேரம் அவர் பார்க்கவே இல்லை. பக்கத்தில் ‘மீட்டெடு’ என்று இருந்தது. அமுக்கினார்.

திலகவதி அஞ்சலாட்சியைக் கூப்பிட்டாள்.

“ஆங், வந்துடுச்சும்மா,” என்றது போன். “ஆனா அந்தத் தண்ணிப் படத்தத் தூக்கிப் போட்டுறாதீங்க. கார்த்திகையில ரொம்பி மாசியில காயுதுன்னா, உள்ள எவ்ளோ மண்ணு கெடக்குதுன்னு இன்ஜினியருக்குத் தெரியாதா? அதயும் வைங்க. நல்லா எடுத்துருக்காரு, யாரோ.”

டாக்டர் நாற்காலியை மேசையருகே இழுத்துக்கொண்டார்.

இந்த முறை அவர் புதுப்பானைத் தொடவில்லை. தன் படத்தைத் தனியாக ஏற்றினார். ‘கார்த்திகையில் ஓலைப்பாக்கம் ஏரி’ என்று அதற்கென்று ஒரு பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். காய்ந்த ஏரிக்கு அடுத்தாற்போல் அதை வைத்தார். இரண்டையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். டீயில் ஆடை கட்டியிருந்தது. அதையும் குடித்தார்.

பிறகு மெதுவாகச் சொன்னார்.

“இன்னும் எத்தனை ஏரியோட முகத்தை மாத்தி வெச்சிருக்கேனோ. ஒவ்வொண்ணா போய்ப் பாக்கணும். அப்புறம் அந்தக் கருவியை என்கிட்டேருந்து எடுத்துடுங்கம்மா.”

திலகவதி பக்கத்துக் கணினியில் அவருடைய வழுக்கைத் தலையை மீட்டெடுத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்குத்தான் டாக்டர் அது உங்க கைக்கே வந்திருக்கு,” என்றாள்.