சாமிக்கு மேலே ஒரு படுக்கை

சென்னைத் துறைமுகத்தின் பயணிகள் கூடத்தில், கவுண்டருக்கு முன்னால் கோமதிநாயகம் நின்றுகொண்டிருந்தார். அம்பாசமுத்திரத்தில் அவருக்கு அரிசி ஆலை. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அவருடைய குரு அவரைவிட ஒரு மாமாங்கத்துக்கு மேல் இளையவர்.

குருவின் பெயர் மருதப்பன்; சீடர்களுக்கு அவர் சாமி. முன்பு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். வியாழக்கிழமைகளில் அவர் வீட்டில் சிலர் கூடுவார்கள். அவர் அதிகம் பேசமாட்டார். அதற்காகவேதான் போகிறேன் என்பார் கோமதிநாயகம். பேசுகிறவர்களை ஆலையிலேயே நிறையப் பார்த்தாயிற்றாம்.

வருஷத்துக்கு ஒரு யாத்திரை உண்டு. இந்த முறை கப்பலில் திருகோணமலைக்குப் போய்க் கோணேசரைப் பார்த்துவருவது என்று முடிவாகியிருந்தது. ஏற்பாடு முழுக்கக் கோமதிநாயகத்துடையது. அதில் அவர் ஒரு விதி வைத்திருந்தார். சாமி படுக்கிற இடத்துக்கு மேலே சீடர்கள் யாரும் படுக்கக் கூடாது. நம் கால் குருவின் தலைக்கு மேலே இருப்பது அபசாரம்.

தரையில் இது சுலபம். லாட்ஜில் சாமிக்கு மாடியில் அறை, மற்றவர்களுக்குக் கீழே. கப்பலுக்காக அவர் கம்பெனியிடம் தளங்களின் படம் கேட்டு வாங்கி, எந்த அறைக்கு மேலே எந்த அறை வருகிறது என்று ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தார். சாமிக்கு உச்சித் தளத்தில் பால்கனி வைத்த அறை. தனக்கும் மனைவிக்கும் நடுத் தளத்தில் பால்கனி அறை. மற்றவர்கள் அங்கங்கே, எல்லாரும் சாமிக்குக் கீழே.

இந்த விதியைப் பற்றிச் சாமியிடம் யாரும் கேட்டதில்லை. கேட்பதும் அபசாரம் என்று கோமதிநாயகம் நினைத்தார்.

கவுண்டரில் இருந்த பெண் சாவி அட்டைகளை எடுத்து வைத்தாள்.

"சார், ஒரு ரூம் மட்டும் மாறியிருக்கு. மருதப்பன்னு பேர் போட்ட ரூம்."

"மாறியிருக்குன்னா?"

"மேல் தளத்துல தண்ணி கசியுது சார். அந்த வரிசையே மூடிட்டாங்க. அவருக்குக் கீழ் தளத்துல உள் ரூம் குடுத்திருக்கோம்."

"உள் ரூம்னா?"

"ஜன்னல் இருக்காது சார். மத்தபடி எல்லா வசதியும் இருக்கு. ஐஸ்கிரீமுக்கு ஃப்ரீ கூப்பன் தர்றோம்."

கோமதிநாயகம் மனக்கணக்குப் போட்டார். எல்லாருக்கும் அடியில் சாமி. அவர் தலைக்கு மேலே சீடர்களான கோவில்பட்டிக் குடும்பம், கழுகுமலைக் குடும்பம், எல்லாரும் காலை நீட்டிக்கொண்டு. சாமி கையில் ஐஸ்கிரீம் கூப்பன்.

அவர் மேனேஜரைக் கூப்பிடச் சொன்னார்.

கூடத்தின் மறுபக்கத்தில் மருதப்பன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எப்போதோ பைக்கிலிருந்து விழுந்ததில் அவருக்கு வலது முட்டி மடங்காது. அந்தக் காலை நீட்டி வைத்திருந்தார். பக்கத்து நாற்காலியில் கோமதிநாயகத்தின் மனைவி ஆவுடையம்மாள். மடியில் ஒரு துணிப்பை.

"பையில என்ன மதினி?"

"தலையணை, சாமி."

"கப்பல்ல தருவாங்கள்லா?"

"தருவாங்க. இது உமித்தூசி படாத தலையணை. புதுசா தச்சது." அவள் சிரித்தாள். "வீட்டுல எங்க ரூம் மில்லுக்குப் பின்னால. ஜன்னல் இருக்கு. தெறந்தா உமி வந்துரும். கல்யாணம் ஆகி வந்த அன்னைக்கு அத்தை சாத்துனாங்க. அப்படியே இருக்கு."

"ஒரு தடவகூட தெறக்கலையா?"

"தெறந்தா யாரு கூட்டிப் பெருக்க?"

மருதப்பன் அந்தத் துணிப்பையைப் பார்த்தார்.

"கப்பல்ல போறோம்னதும் இவுககிட்ட கேட்டேன்," என்றாள் ஆவுடையம்மாள். "ஒரு நாளாவது ஜன்னலத் தெறந்து வச்சிட்டுத் தூங்கணும்னு. நான் எதையும் கேக்கமாட்டேன்ல்லா, அதனால இவுகளுக்கே ஆச்சரியம். ஜன்னல் என்ன, கதவே இருக்குற ரூமா எடுக்கேன்னு சொன்னாக. பால்கனி. கதவத் தெறந்தா கடலாம்."

அப்போது கோமதிநாயகம் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆனால் முகத்தில் ஜெயித்த களை.

"முடிச்சிட்டேன் சாமி. ரூம மாத்திட்டாங்க, நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. எங்க பால்கனி ரூம் உங்களுக்கு. கீழ் ரூமுல நாங்க இருந்துக்கிடுதோம்."

ஆவுடையம்மாள் துணிப்பையின் வாயை இழுத்துக் கட்டினாள்.

"மதினிகிட்ட கேட்டீங்களா, அண்ணாச்சி?"

"அவ என்ன சொல்லப்போறா? சாமிக்குன்னா அவளுக்குச் சந்தோஷம்தான்." அவர் மனைவி பக்கம் திரும்பினார். "என்ன ஆவுடை?"

"ஆமா," என்றாள் அவள்.

கோமதிநாயகம் சாவி அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார். மருதப்பன் அதை வாங்கிக்கொண்டார். வழக்கமாக அவர் எதையும் வாங்கமாட்டார். பழம் கொடுத்தால்கூட அங்கேயே பிரித்துக் கொடுத்துவிடுவார். வாங்கிக்கொண்டதைக் கண்டு கோமதிநாயகம் கைகூப்பினார்.

பிறகு கேட்டார்.

"சாமி, நம்மளோடத விட்டுக்குடுத்துட்டா மனசு லேசாயிரும்னு நீங்க ஒரு தடவ சொன்னீங்க. நானும் குடுத்துட்டேன். லேசாகலையே?"

"எத குடுத்தீங்க?"

"ரூம."

மருதப்பன் அவரைப் பார்த்தார். பிறகு நீட்டிய காலைத் தடவிக்கொண்டார்.

பதில் வராததால், தன் மனசு ஏன் லேசாகவில்லை என்பதைக் கோமதிநாயகம் தானே கண்டுபிடித்தார்.

"நடுத் தளம்தான சாமி. உங்க தலைக்கு மேல கோவில்பட்டிக்காரங்க வாராங்க. அதான் உறுத்துது. அவங்கள வேற ரூமுக்குப் போகச் சொல்லுதேன்."

"நமக்குக் கீழ மீனெல்லாம் இருக்கும், அண்ணாச்சி," என்றார் மருதப்பன். "அதுங்க தலைக்கு மேலதான் எல்லாரும் படுக்கப்போறோம். அதுங்ககிட்ட யாரு கேட்டா?"

கோமதிநாயகம் சிரித்தார். சாமி விளையாடுகிறார் என்று நினைத்தார்.

உள் அறை நீளமான நடையின் கடைசியில் இருந்தது. ஒருவர் திரும்பினால் இன்னொருவர் ஒதுங்க வேண்டும். கீழே ஒரு படுக்கை. அதற்கு நேர் மேலே, சுவரிலிருந்து மடக்கி இறக்குகிற இன்னொரு படுக்கை. எதிர்ச் சுவரில் நீலத் திரை ஒன்று அழகாகத் தொங்கியது.

ஆவுடையம்மாள் நேராகத் திரைக்குப் போனாள். விலக்கினாள். பின்னால் சுவர்தான் இருந்தது. வெறும் அலங்காரத்துக்கு மாட்டிய திரை.

அவள் அதைப் பழையபடி இழுத்து மூடினாள். சுருக்கம் இல்லாமல் நீவியும் விட்டாள்.

"பரவால்ல," என்றாள். "வீட்டுல மாதிரியேதான் இருக்கு."

"அதான," என்றார் கோமதிநாயகம். "ரெண்டு ராத்திரிதான."

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. மருதப்பன் பையோடு நின்றிருந்தார். வலிக்கிற காலோடு அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தார். கோமதிநாயகம் பதறி நாற்காலியைத் தேடினார். அறையில் நாற்காலி இல்லை.

மருதப்பன் சாவி அட்டையை ஆவுடையம்மாளிடம் நீட்டினார்.

"மதினி, பிரசாதம்."

அவள் கணவனைப் பார்த்தாள்.

குரு கொடுப்பதை மறுக்கக் கூடாது. வியாழக்கிழமைக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிக் கொடுப்பது அவர்தான். கோவில்பட்டிக்காரர் ஒரு முறை சர்க்கரை வியாதி என்று லட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அவரைத் தனியே கூப்பிட்டுக் கண்டித்ததும் அவர்தான்.

ஆவுடையம்மாள் அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். துணிப்பையை எடுத்தாள். கதவைத் தாண்டியபின் அவள் நடை கொஞ்சம் வேகமானதைக் கோமதிநாயகம் பார்த்தார். அவள் அப்படி நடந்து அவர் பார்த்து வெகுகாலமாகிவிட்டது.

அவரும் பெட்டியைத் தூக்கினார்.

"நீங்க எங்க கெளம்பிட்டீங்க?" என்றார் மருதப்பன்.

"நீங்க இங்க இருக்கப்போறீங்கன்னா... நான் அவகூட..."

"நான் மதினிக்குத்தான் குடுத்தேன். நீங்கதான் ரூம விட்டுக்குடுத்துட்டீங்கள்லா."

கோமதிநாயகம் பெட்டியைக் கீழே வைத்தார்.

மதியம் கப்பல் புறப்பட்டது. சாப்பாடு முடிந்து இருவரும் கொஞ்சம் படுக்க அறைக்கு வந்தார்கள். மருதப்பன் கீழ்ப் படுக்கையில் உட்கார்ந்து முட்டியை அமுக்கிவிட்டுக்கொண்டார். அந்தக் காலோடு அவரால் ஏணியில் ஏற முடியாது. கோமதிநாயகம் மேல் படுக்கையைப் பார்த்தார். அது சாமியின் தலைக்கு நேர் மேலே இருந்தது.

துண்டை விரித்துத் தரையில் படுத்தார். படுக்கைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடத்தில் பக்கவாட்டில்தான் படுக்க முடிந்தது. கால் குளியலறைக்குள் போனது.

கொஞ்ச நேரத்தில் மருதப்பன் எழுந்தார்.

"நான் பாத்ரூம் போகணும், அண்ணாச்சி. உங்கள மிதிக்கணும், இல்ல தாண்டணும். எதுல அபசாரம் கம்மின்னு சொல்லுங்க."

கோமதிநாயகம் எழுந்துவிட்டார். சாமி போய்த் திரும்பும்வரை துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அறுபது வயதுக்கு மேல் ஒரு மனிதன் எங்கே படுப்பது என்று தெரியாமல் நிற்பது பரிதாபமாகத்தான் இருந்தது.

"ஏறுங்க," என்றார் மருதப்பன்.

"எப்படி சாமி?"

"ஏணி இருக்கே."

அவர் ஏறினார். கால் சாமியின் தலைப்பக்கம் வராதபடி முட்டியை வயிற்றோடு மடக்கி, சுவரைப் பார்த்துச் சுருண்டு படுத்தார். மருதப்பன் விளக்கை அணைத்தார்.

அப்படி ஓர் இருட்டைக் கோமதிநாயகம் பார்த்ததில்லை. கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றாக இருந்தது. வீட்டில் படுத்தால் அடுத்த நிமிஷம் தூங்கிவிடுகிறவர் அவர். விடிவதற்கு முன்பே எழுந்து ஆலைக்குப் போய்விடுவார். மில்லுக்குப் பின்னால் இருக்கும் அந்த அறை எப்படி இருக்கும் என்று யோசிக்க அவருக்கு நேரம் இருந்ததில்லை.

"சாமி, தூங்கிட்டீங்களா?"

"இல்ல."

"இப்ப வெளிய வெயில் இருக்குமா?"

"தெரியலையே."

கப்பல் மெல்ல அசைந்தது. எந்தப் பக்கம் போகிறது என்று தெரியவில்லை.

"மூச்சு முட்டுத மாதிரி இருக்கு சாமி."

"காத்து வருதே. மேல ஓட்டை இருக்கு."

"காத்து வருது. இருந்தாலும் முட்டுது. ஒண்ணுமே தெரியமாட்டேங்குது. கரை தாண்டியாச்சான்னுகூடத் தெரியல. இதுல எப்படி இருக்க?"

"பழகிரும்," என்றார் மருதப்பன். "மதினிக்குப் பழகிருச்சுல்லா."



வெகுநேரம் கழித்துக் கோமதிநாயகம் பேசினார். குரல் வேறு மாதிரி இருந்தது.

"வந்ததும் ஆவுடை அந்தத் திரைய விலக்கிப் பாத்தா, சாமி. பின்னால சுவரு. நானும் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

"ம்."

"வீட்டுல மாதிரி இருக்குன்னு சொன்னா. எனக்கு ஆறுதல் சொல்லுதான்னு நெனச்சேன்."

"ம்."

"எனக்கு வெக்கமா இருக்கு."

மருதப்பன் விளக்கைப் போட்டார். கோமதிநாயகம் எழுந்து உட்கார்ந்திருந்தார். மடக்கியிருந்த கால்கள் மரத்துப்போய் இரண்டும் கீழே தொங்கிக்கொண்டிருந்தன, சாமியின் முகத்துக்கு நேராக. அதை அவர் கவனிக்கவில்லை.

மருதப்பன் ஒரு பாதத்தைப் பிடித்து ஏணியின் படியில் வைத்துக் கொடுத்தார்.

கோமதிநாயகம் இறங்கினார். வேட்டியைச் சரிசெய்தார். சட்டையை மாட்டிக்கொண்டார். தலையைக் கையாலேயே வாரிக்கொண்டார். கதவுவரை போனவர் அங்கேயே நின்றார்.

"சாமி."

"சொல்லுங்க."

"நான் மேல போயி, ஆவுடைகூட கொஞ்ச நேரம் உக்காந்திருக்கட்டுமா?"

மருதப்பன் காலை நீட்டிப் படுத்தார். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அத எதுக்கு அண்ணாச்சி எங்கிட்ட கேக்குதீங்க?"