கரும்பாறையைச் சுற்றிப் போகும் ஓடை

மீனும் நண்டும் பாறையும் வாய்திறந்து பேசிய அந்தக் காலத்தில், எங்கள் ஊர் ஓடை மணலுக்கு மேலேயேதான் ஓடிக்கொண்டிருந்தது. மலையிலிருந்து இறங்கி, கரும்பாறையின் காலைத் தொட்டு, நேராகக் கீழே இருக்கும் மருதமரத்துக்குப் போகும்.

ஒரு கோடையில் ஓடை வற்றத் தொடங்கியது. கரும்பாறைக்கு முன்னால் ஒரு குட்டை மட்டும் மிஞ்சியது. அதற்குள் ஓர் அயிரை மீன் முட்டையிட்டிருந்தது.

“அக்கா, என் முதுகு வெயிலில் காய்கிறது,” என்றது அயிரை. “முட்டை பொரிய இன்னும் நாளாகும். அதுவரை இருப்பாயா?”

காலையில் நனைந்திருந்த கல் மதியத்தில் வெளுத்துக் கிடந்தது. ஓடை பாறையிடம் கேட்டது: “அண்ணே, உன் அடியில் நிழலாக ஒரு பள்ளம் இருக்கிறதே. கொஞ்சம் நகர்ந்து வழி விடு. முட்டை பொரியும்வரை ஒதுங்கிக்கொள்கிறேன்.”

“மழைக்காலத்தில் என் தலைமேல் ஏறி மிதித்துப் போனாயே, அப்போது அண்ணன் கண்ணுக்குத் தெரியவில்லையா?”

“உன்னைக் குளிப்பாட்டித்தானே போனேன்.”

“நான் கேட்டேனா?”

பாறை அசையவில்லை. குட்டை உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியது. அயிரை ஒருக்களித்துப் படுத்து முட்டைகளை மூடிக்கொண்டது.

கரையிலிருந்த நண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. “அவனிடம் கெஞ்சி நாக்கு வறண்டதுதான் மிச்சம். நான் மணலைத் தோண்டுகிறேன், உள்ளே வா. ஆனால் ஒன்று, தாயி. இறங்கிவிட்டால் மருதமர வேருக்குப் போய்த்தான் வெளிச்சம். நடுவில் வானம் கிடையாது.”

ஓடை வானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது. “தோண்டு,” என்றது.

நண்டு தோண்டிய வளைக்குள் மீனும் முட்டையுமாகத் தண்ணீர் இறங்கியது. இருட்டில் ஓடை அயிரையைக் கூப்பிட்டுக்கொண்டே போனது. பதில் வராத இடங்களில் நின்று நின்று போனது. மருதமரத்தடியில் வெளிச்சம் தெரிந்தபோது, பொடிப்பொடியாகக் குஞ்சுகள் ஓடைக்கு முன்னால் நீந்திப் போயின.

மேலே பாறை தனியாக வெந்தது. அடியில் ஈரமே இல்லை. அது பிளந்த சத்தம் மணலுக்குள் வரை வந்தது. “தங்கச்சி, ஒரு கை தண்ணீர்,” என்று கூப்பிட்டது. ஓடைக்கு நன்றாகவே கேட்டது. கேட்டும் திரும்பவில்லை. நானாக இருந்தாலும் திரும்பியிருக்க மாட்டேன்.

அன்று பிடித்துத்தான் எங்கள் ஓடை கரும்பாறைக்கு முன்னால் மணலுக்குள் மறைந்து, மருதமரத்தடியில் ஊற்றாக வெளியே வருகிறது. வெள்ளம் பெருகி மேலே ஓடும் ஆண்டிலும், அந்தப் பிளந்த பாறையைத் தொடாமல் வளைந்து சுற்றிக்கொண்டுதான் போகிறது.