அல்வாவுக்கு முன்னே ஓர் இலை

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் தாண்டவமூர்த்தி என்று ஒரு பண்ணையார் இருந்தாராம். சர்க்கரை வியாதி முற்றி, அவருக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. அப்படியும் தினம் ஒரு கிண்ணம் அல்வா உள்ளே போகாமல் தூக்கம் வராது. அல்வாவை நிறுத்தச் சொன்ன வைத்தியரை விரட்டிவிட்டு, சமையல்காரன் பூதத்தானைக் கூப்பிட்டார்.

"ஏலே, நீ மலையடிவாரத்துக்காரன்தானே? கண்ணுக்கு ஒரு பச்சிலை கொண்டா. ஆனா அல்வாவை நிறுத்துன்னு சொன்னே, அன்னைக்கே உன் வேலை போச்சு."

"நான் ஏன் சொல்லப் போறேன் முதலாளி? இந்தச் சிறுகுறிஞ்சான் இலையை நல்லா மென்னு துப்பிட்டு, அப்புறம் அல்வா சாப்பிடுங்க."

பண்ணையார் மென்றார். நெய் சொட்டும் அல்வாவை வாயில் போட்டவர், "தூ! ஏலே, மண்ணையா கிண்டி வச்சிருக்கே?" என்று கத்தினார்.

பண்ணையாரம்மா ஒரு வாய் போட்டுப் பார்த்து, "தேனா இனிக்குதே!" என்றாள்.

மறுநாளும் மண். அதற்கு மறுநாளும் மண். கடைசியில் பண்ணையார் கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். "இந்த வீட்டிலே இனி எவனும் அல்வா கிண்டக் கூடாது!"

"நிறுத்தச் சொன்னது நீங்கதான் முதலாளி, நான் இல்லை. என் வேலை இருக்குல்லா?"

அந்த இலையை மென்றால் சற்று நேரம் நாக்குக்கு இனிப்பே தெரியாது என்பது பண்ணையாருக்கு அப்போதுதான் பிடிபட்டது.

"அடப்பாவி! கண்ணுக்கு மருந்து கேட்டா நாக்குக்குக் கொடுத்திருக்கியேலே!"

"கண்ணைக் கெடுத்ததே அதுதானே முதலாளி."

பண்ணையாரம்மா சிரித்த சிரிப்பில் பண்ணையாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. விரட்டின வைத்தியரைக் கூட்டிவர அன்றே வண்டி கிளம்பியது.