மூங்கிலாற்றில் வாசித்த குரல்

செண்பகவல்லிக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருடம் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்துவிட்டு, முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்ய வந்தவர். அவருடைய நெறியாளர் அருளப்பனுக்கு முப்பத்தெட்டு வயது. குரு இளையவர், சிஷ்யை மூத்தவர். அதில் இருவருக்கும் கூச்சம் இல்லை.

மூன்று வருடமாக மலையோரத்துப் பள்ளிகள் பதினான்கைச் செண்பகவல்லி சுற்றி வந்திருந்தார். எல்லாப் பள்ளியிலும் பாடப்புத்தகத்திலிருந்து ஒரே பாடத்தைக் கொடுத்துப் பிள்ளைகளை வாசிக்கச் சொன்னார். பதின்மூன்று பள்ளிகளில் பிள்ளைகள் திக்கினார்கள். மூங்கிலாற்றில் மட்டும் ஒருவர் விடாமல் சரளமாக வாசித்தார்கள். அங்கே எல்லாரும் சேர்ந்து சத்தமாக வாசிக்கும் வழக்கம்தான் காரணம் என்று ஆய்வேடு எழுதி முடித்தார். அதே முறையை முந்நூறு பள்ளிகளுக்குக் கொண்டுபோகக் கல்வித்துறை மேலிடத்தில் தயாராக இருந்தார்கள். அருளப்பன் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

கையெழுத்து வாங்க வந்த இடத்தில் செண்பகவல்லி கேட்டார்.

“நம்ம ஆராய்ச்சியால நெசமாவே யாரு வாழ்க்கையாவது மாறுமா, சார்?”

அருளப்பன் பேனாவை மூடினார்.

“மூங்கிலாத்துக்கு எத்தன மணிக்கு பஸ்ஸு?”

மறுநாள் பகல் பன்னிரண்டுக்குப் போய் இறங்கினார்கள். உச்சி வெயில் அடிக்க வேண்டிய நேரம். ஆனால் மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கி ஊரை மூடியிருந்தது. பள்ளிக்கூடம் கண்ணுக்குத் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது.

“மழை பெய்தது. மலை நனைந்தது. மாடுகள் வீடு திரும்பின.”

பிறகு ஒரு சின்ன இருமல். எல்லாக் குரலும் ஒன்றாக இருமின.

“அம்மா விளக்கு ஏற்றினாள்.”

அருளப்பன் நின்றார். “இப்ப இருமுனாங்களே, கேட்டீங்களா டீச்சர்?”

செண்பகவல்லி கேட்டிருந்தார். மூன்று வருடமாகவே கேட்டிருக்கிறார். குறிப்பேட்டில் அதை ‘நிறுத்தம் மிகச் சரி’ என்று எழுதியும் வைத்திருந்தார். இப்போதுதான் அவருக்கு முதுகு சில்லிட்டது.

வகுப்பில் முப்பத்தொரு பேர் இருக்க வேண்டும். இருபத்திரண்டு பேர்தான் இருந்தார்கள். ஆனால் சத்தம் குறைந்திருக்கவில்லை. யாரும் உள்ளே வந்தவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. விரல்கள் புத்தகத்தில் ஒரே வேகத்தில் நகர்ந்தன.

முன்வரிசையில் ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. அருளப்பன் குனிந்து அதன் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். விரல் நிற்கவில்லை. புத்தகத்தை எடுத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். குழந்தை வெள்ளைத் தாளில் விரலை ஓட்டியது.

“மாடுகள் வீடு திரும்பின.” இருமியது. “அம்மா விளக்கு ஏற்றினாள்.”

செண்பகவல்லி தாளை எடுத்து மறுபக்கம் பார்த்தார்; அங்கேயும் ஒன்றும் இல்லை.

ஆசிரியை மாதேஸ்வரி வாசலுக்கு வந்தார். சின்ன வயசுதான், முகத்தில் களைப்பு.

“யாரோட இருமல்மா இது?” என்று கேட்டார் அருளப்பன்.

“கோலப்பன் வாத்தியாரோடது சார். எனக்கு முன்னாடி இருந்தவர். நெஞ்சுச்சளி. அவர் தவறி நாலு வருஷம் ஆச்சு.”

“அந்தப் பாப்பாவுக்கு ஆறு வயசு. அவரை எங்க பாத்துது?”

“பாக்கவே இல்ல. பெரிய பிள்ளைங்ககிட்ட இருந்து சின்னதுங்களுக்கு ஒட்டிக்குது. நான் சொல்லிக்குடுக்கல சார், சத்தியமா.”

“நிறுத்தச் சொல்லலியா?” என்றார் செண்பகவல்லி.

மாதேஸ்வரி அவரைப் பார்த்தார். “நீங்க வந்து கேட்டுட்டு ரொம்ப நல்லாருக்குன்னு சொன்னீங்க டீச்சர். வந்தவங்க எல்லாருமே அதையேதான் சொன்னாங்க. ஒரு நாள் நிறுத்திப் பாத்தேன். சாயங்காலம் வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கல. எல்லாரும் என் நாற்காலியையே பாத்துட்டு இருந்தாங்க. எனக்குப் பயமாயிருச்சு. மறுநாள் நானே ஆரம்பிச்சு வெச்சேன்.”

உள்ளே மழை மறுபடி பெய்தது. மலை மறுபடி நனைந்தது.

“மீதி ஒம்பது பேர் எங்க?” என்றார் அருளப்பன்.

“வயித்துப்போக்கு சார். ரெண்டு வாரமா ஊர்ல அதுதான். ரெண்டு பேரைக் கீழ ஆஸ்பத்திரியில சேத்துருக்காங்க.”

“தண்ணி எங்க எடுக்கறாங்க?”

“பள்ளிக்கூடத்துக்குப் பின்னால, சரிவுல ஒரு ஊத்து இருக்கு. நான் போனதில்ல. வீட்டுலருந்தே பாட்டில் கொண்டாந்துருவேன்.”

ஒற்றையடிப் பாதையில் இருவரும் இறங்கினார்கள். பனிமூட்டத்தில் பாதை பத்தடிக்கு மேல் தெரியவில்லை. பின்னால் அந்தக் குரல் கூடவே இறங்கி வருவதுபோல் இருந்தது. செண்பகவல்லி இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

ஊற்றின் கரையில் மஞ்சள் பலகை ஒன்று நட்டிருந்தது. பெயின்ட் புதுசு. சுகாதாரத் துறைக்காரர்கள் வந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ‘இந்த ஊற்று நீரைக் குடிக்கக் கூடாது’ என்று பெரிய எழுத்தில் இருந்தது.

பலகைக்கு நேர் கீழே ஒரு சிறுமி பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள்.

செண்பகவல்லிக்கு அவளை அடையாளம் தெரிந்தது. வெள்ளாயி. ஆய்வேட்டில் பதினேழாம் எண். நூற்றுக்கு நூறு வாங்கியவள். போன வருடம் ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டாள்.

“வெள்ளாயி, இந்தப் பலகைய யாராச்சும் படிச்சுச் சொன்னாங்களா உங்களுக்கு?”

“நானே படிச்சுச் சொன்னேனே டீச்சர். ஊர்ல பெரியவங்களுக்குப் படிக்கத் தெரியாது, என்னத்தான் கூப்புட்டாங்க.”

“எங்க, படி.”

படி என்ற சொல் காதில் விழுந்ததும் சிறுமியின் முதுகு நிமிர்ந்தது. கண்கள் எங்கோ நிலைத்தன. விரலைப் பலகையில் வைத்து இடமிருந்து வலமாக நகர்த்தினாள்.

“மழை பெய்தது. மலை நனைந்தது. மாடுகள் வீடு திரும்பின.”

இருமினாள். வயசான ஆணின் இருமல்.

“அம்மா விளக்கு ஏற்றினாள்.”

சொல்லி முடித்துவிட்டு இரு கையாலும் தண்ணீரை அள்ளி வாய்க்குக் கொண்டுபோனாள். செண்பகவல்லி பாய்ந்து அவள் கையைத் தட்டிவிட்டார். குடம் உருண்டது. இருவரும் சேற்றில் உட்கார்ந்துவிட்டார்கள்.

“குடிக்காத கண்ணு. குடிக்காத. அதுல என்ன எழுதியிருக்கு தெரியுமா?”

வெள்ளாயி மிரண்டு விழித்தாள். “படிச்சேனே டீச்சர். தப்பாப் படிச்சேனா?”

செண்பகவல்லிக்கு அழுகை வந்தது. இந்தக் குழந்தைக்கு நூற்றுக்கு நூறு போட்ட கை அவருடையது.

“சார், ஆய்வேட்ட நான் குடுக்கப்போறதில்ல. மேலிடத்துக்கு நாளைக்கே எழுதி நிறுத்தச் சொல்லிர்றேன். இது முந்நூறு பள்ளிக்கூடத்துக்குப் போச்சுன்னா...” வெள்ளாயியின் கையிலிருந்த சேற்றை முந்தானையால் துடைத்தார். “இப்பவே ஊருக்குள்ள போயி வீடு வீடா சொல்லணும், இந்த ஊத்துத் தண்ணியக் குடிக்கக் கூடாதுன்னு.”

அருளப்பன் தலையசைத்தார். ஆனால் உடனே கிளம்பவில்லை. பலகையின் முன் மண்டியிட்டு, இரண்டு கையாலும் எழுத்துகளை மறைத்தார். முதல் எழுத்து மட்டும் வெளியே தெரிந்தது.

“இது என்ன எழுத்து வெள்ளாயி?”

“மழை...” என்று தொடங்கினாள்.

“மழை வேண்டாம். இது ஒண்ணு மட்டும்.”

வாய் திறந்தபடியே நின்றது. அந்தப் பாடம் தொண்டைக்குள் வந்து முட்டுவது தெரிந்தது. மேலே பள்ளிக்கூடத்திலும் குரல் நின்றுவிட்டதுபோல் இருந்தது. ஊற்று மட்டும் சலசலத்தது. சிறுமிக்கு வியர்த்தது. செண்பகவல்லி அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

வெகு நேரம் கழித்து மெலிசான ஒரு குரல் வந்தது. அப்படி ஒரு குரலைச் செண்பகவல்லி அந்த ஊரில் கேட்டதே இல்லை.

“தெரியல.”

சொல்லிவிட்டு வெள்ளாயி தேம்பி அழ ஆரம்பித்தாள்.

செண்பகவல்லி அவளை மடியோடு அணைத்துக்கொண்டார். “மூணு வருஷம் சார். பதினாலு பள்ளிக்கூடம். கடைசியில என் கையில ஒண்ணுமே இல்ல.”

அருளப்பன் எழுந்து, சேற்றில் கிடந்த அவருடைய குறிப்பேட்டை எடுத்துத் துடைத்தார். வெற்றுப் பக்கம் ஒன்றைத் திருப்பி அவரிடம் நீட்டினார்.

“இந்தப் பொண்ணு இப்ப சொன்னத எழுதிக்குங்க டீச்சர். இந்த ஊர்ல படிக்கச் சொன்னதுக்கு ஒரு புள்ள தன் சொந்த வார்த்தையில பதில் சொல்றது இதான் மொதத் தடவ.”