மிட்டாதார் வீட்டு யோக்கிய நரி

நாகம்பட்டி நாய் வளர்ப்போர் சங்கத்துக்குத் தலைவர், ஊர் நிலத்தில் பாதிக்குச் சொந்தக்காரரான மிட்டாதார் பெரியண்ணன். அந்த வருஷம் தேர்தலிலும் நின்றார். “எனக்கு ஓட்டுப் போடுங்க! நரி வேட்டைக்கு இருக்கிற தடையையே தூக்கிடுறேன். ஊர்க் கோழியெல்லாம் நரி வயித்துலதான் இருக்கு!” என்று சங்கக் கூட்டத்தில் முழங்கினார். நாய்களும் சேர்ந்து குரைத்தன.

அவருடைய நாய்களைக் குளிப்பாட்டும் மாதையன் மட்டும் தலையைச் சொறிந்தான். “எல்லா நரியுமா திருடுதுங்க?”

மிட்டாதாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “யோக்கியமான நரி ஒண்ணை இப்பவே காட்டுடா. தடை இருக்கட்டும்னு நானே கை தூக்குறேன்!”

“சரிங்க எஜமான்” என்று மாதையன் சுபேதாரை அவிழ்த்துவிட்டான். நரி வாடை பிடிப்பதில் அதற்கு ஈடே இல்லையென்று மிட்டாதாரே மார்தட்டிய வேட்டை நாய் அது. காட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே மிட்டாதார் வீட்டுக்குள் ஓடியது. சங்கமே பின்னால் ஓடியது.

படுக்கையறையில், கட்டிலுக்கு எதிரே ஒரு கூண்டு. உள்ளே கொழுத்த நரி. சுபேதார் வாலாட்டி அதன் மூக்கை நக்கியது. மிட்டாதாரைக் கண்டதும் நரி கண்ணை இறுக மூடிக்கொண்டது.

மிட்டாதார் அசடு வழிந்தார். “நரி முகத்துல முழிச்சா ஜெயிக்கலாம்னு சொல்வாங்களே... அதான், தேர்தல் வரைக்கும்...”

“நீங்க தினம் நரி முகத்துல முழிக்கிறீங்க. அந்த நரி தினம் யார் முகத்துல முழிக்குதுங்க?” என்றான் மாதையன். “அதுக்கப்புறமும் உங்களைக் கடிக்கலையே! இதைவிட யோக்கியமான நரி எங்கே கிடைக்கும்?”

அத்தனை கைகளும் நரிக்கே உயர்ந்தன. கடைசியாக மிட்டாதார் கையும்.