மாசானம் சொன்ன வாரப் பலன்

கத்திரி வெயில் பிறந்ததிலிருந்து ஜமீன்தாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடத்தில் உலாத்திக்கொண்டே இருந்தார். போன வாரம், "நம்ம சீமையில மழை நிச்சயம்" என்று அவர் மனம் குளிரச் சொல்லிவைத்த அரண்மனை ஜோசியர், மழை பொய்த்ததால் முற்றத்து வெயிலில் முட்டிபோட்டிருந்தார்.

அடுத்து, விசிறி வீசும் மாசானத்திடம் பாய்ந்தார் ஜமீன்தார். "நீ சொல்லுடா, வர்ற வாரம் எப்படி? சொன்னது தப்பாப் போச்சுன்னா உனக்கும் இதே வெயில்தான்!"

"வாரம் முழுக்க வெயில்தான் எசமான்."

"கரிநாக்குப் பயலே! ஒரு துளி விழட்டும், அந்த நிமிஷமே உன்னை வெயில்ல முட்டிபோட வைக்கிறேன்!"

"போடுறேன் எசமான். ஆனா மழை கொட்டுறப்ப வெயிலுக்கு எங்க போவீக?"

ஜமீன்தார் உலாத்துவதை நிறுத்தினார். முற்றத்திலிருந்து ஜோசியர் முனகினார்: "அடப்பாவி, இதைப் போன வாரமே எனக்குச் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா!"